ஒளிக்காட்சி ட்ரோன் வேறு, கூட்டாக முடிவெடுக்கும் ட்ரோன் வேறு

கூட்டாகப் பறக்கும் ட்ரோன்களை ஆராயும் ஓர் ஆய்வாளரின் பணியை உங்கள் கட்டுரையில் எளிமையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் வானில் உருவம் வரையும் ஒளிக்காட்சியை இதற்கு உதாரணமாகக் காட்டியது சரியல்ல. அங்கே ஒவ்வொரு ட்ரோனின் பாதையும் முன்பே எழுதப்பட்டுவிடும். பெரும்பாலும் பக்கத்து ட்ரோன் இருப்பதே அதற்குத் தெரியாது. கட்டளையிட மையத்தில் யாருமில்லாமல், அருகிலுள்ள சிலவற்றின் நிலையை மட்டும் அறிந்து கூட்டமே ஒழுங்காக நகர வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வின் கடினம்.

1987-இல் கணினி வரைகலை நிபுணர் கிரெய்க் ரெனால்ட்ஸ் மூன்றே விதிகளால் பறவைக் கூட்டத்தைக் கணினியில் காட்டினார்: மோதாதே, அண்டையில் இருப்பவற்றின் வேகத்தோடு ஒத்துப்போ, கூட்டத்தை விட்டு விலகாதே. திரையில் அழகாக ஓடியது. ஆனால் நிஜ ட்ரோனில் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், தகவல் தாமதமாக வரும். இந்தத் தாமதத்தைத்தான் நான் பெரிய சிக்கலாகப் பார்க்கிறேன். பழைய தகவலை நம்பித் திருத்தினால், அந்தத் திருத்தமே முன்னும் பின்னுமான அலைவாகிக் கூட்டம் முழுக்கப் பரவிவிடும். போதாததற்கு, ஒரு குவாட்காப்டர் (நான்கு சுழலிகள் கொண்ட ட்ரோன்) இன்னொன்றுக்கு நேர் கீழே போனால் மேலே உள்ளதன் சுழலிகளிலிருந்து வீசும் காற்று அதைக் கீழே தள்ளும் (கட்டுரை இதைத் தொடவே இல்லை).

2022-இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகக் குழு 10 சிறிய ட்ரோன்களை மூங்கில் காட்டுக்குள் ஜிபிஎஸ் இல்லாமல் பறக்கவிட்டது. கேமரா, கணக்கீடு எல்லாம் அந்தந்த ட்ரோனிலேயே! பொருத்தமான உதாரணம் அதுதான்.

அடுத்த பகுதி எழுதினால், நடுவானில் ஒன்றின் ரேடியோ தொடர்பு அறுந்தால் மற்றவை என்ன செய்யும் என்று அந்த ஆய்வாளரிடம் அவசியம் கேளுங்கள்.