50–0 என்ற கணக்கு சொல்வதும் சொல்லாததும்

"தொழில்முறை குத்துச்சண்டையில் 50 போட்டிகளைத் தாண்டியும் தோற்காமல் ஓய்வு பெற்றவர் ஃபிளாய்ட் மேவெதர் மட்டுமே, ஆகவே வரலாற்றில் அவரே முதல்வர்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. முதல் பாதி தவறு, இரண்டாம் பாதி அவசரம்.

மெக்சிகோவின் ரிக்கார்டோ லோபெஸ் 52 போட்டிகளில் 51 வெற்றி, ஒரு டிராவுடன் ஓய்வு பெற்றார். மிகக் குறைந்த எடைப் பிரிவுகளில் ஆடியவர் என்பதால் பலர் அவரைக் கேள்விப்பட்டதே இல்லை. மேவெதர் முந்தியது 1956இல் 49–0 (49 வெற்றி, தோல்வியே இல்லை) என ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவின் கணக்கை. அந்த 50ஆவது வெற்றியும் 2017இல், தொழில்முறை குத்துச்சண்டை வளையத்துக்குள் முதன்முறையாக இறங்கிய, கலப்புத் தற்காப்புக் கலை (MMA) வீரர் கானர் மெக்ரெகருக்கு எதிராகக் கிடைத்ததுதான்!

தோல்வியின்மைதான் அளவுகோல் என்றால் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சனை எங்கே வைப்பது? 1943இல் ஜேக் லமோட்டாவிடம் தோற்றவர், அவரையே பலமுறை திரும்ப அடித்தார். 1951இல் லண்டனில் ராண்டி டர்பின் வீழ்த்தும்வரை அவருக்கு அடுத்த தோல்வி இல்லை. அன்று இழந்த உலகப் பட்டத்தையும் இரண்டே மாதத்தில் மீட்டுவிட்டார். மொத்தத்தில் 19 தோல்விகள், பெரும்பாலானவை வயதான பிறகு வந்தவை. ஆனாலும் வல்லுநர் பட்டியல்கள் பலவற்றில் முதலிடம் அவருக்கே.

மேவெதரின் தற்காப்பு அபாரம், அதில் சந்தேகமில்லை. யாரை, எப்போது எதிர்கொண்டார் என்பதை மட்டும் அந்தப் பூஜ்யம் காட்டாது.