கியாராவும் கிளாராம்மாவும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் தமிழ் படிப்பித்த பாவத்துக்கு எனக்கு அடிக்கடி வரும் வாட்ஸ்அப் செய்தி இது: "சேர், பாப்பாவுக்கு யாருக்குமே இல்லாத பேரா ஒன்னு சொல்லுங்க. அர்த்தமும் நல்லா இருக்கணும்." கூடவே பஞ்சாங்கம் பார்த்து எடுத்த முதலெழுத்து இருக்கும். சிலர் எண்கணிதக் கூட்டுத்தொகையும் அனுப்புவார்கள். நான் ஒன்று சொன்னால், "நல்லாத்தான் இருக்கு சேர், கொஞ்சம் பழசா இருக்கே" என்று பதில் வரும். பிறகு விசாரித்தால் 'ஷ்' என்று முடியும் ஏதோவொரு பேரை வைத்திருப்பார்கள். அதே பேரில் தோட்டத்தின் அடுத்த டிவிசனில் இன்னொரு பிள்ளை ஏற்கெனவே ஓடித் திரியும்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அபூர்வமான பேர் வேண்டுமென்றால் போனைக் கீழே வைத்துவிட்டு அப்பாயியிடம், அதாவது அப்பாவின் அம்மாவிடம், கேளுங்கள். இணையப் பட்டியல்களில் பேருக்கு எதிரே போட்டிருக்கும் அர்த்தங்கள் பல, கேட்கிறவர் மனம் குளிர யாரோ எழுதி வைத்தவை.

கியாரா என்று ஒரு பேர் இப்போது தோட்டத்து வரிசை வீடுகளில், லயம் லயமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அம்மனின் பேர் என்று நம்பி ஒரு வீட்டில் வைத்திருக்கிறார்கள். அது இத்தாலியப் பேர். வெளிச்சம், தெளிவு என்று பொருள். அசிசி நகரத்துப் புனித கிளாராவை அந்த ஊரில் கியாரா என்றுதான் சொல்வார்கள். அதாவது நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் இருந்த கிளாராம்மாக்களின் பேரும் இதுவும் ஒன்றே. கிளாராம்மா என்றால் பழசு, கியாரா என்றால் புதுசு! இன்னொரு வேடிக்கை, அயர்லாந்தில் இதோடு ஒட்டிய ஒரு பேர் உண்டு. கீரா என்று சொல்வார்கள். அது கறுப்பு நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கறுப்பாயி என்ற பேருக்கு வெட்கப்படுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். நம் கறுப்பாயியாவது கறுப்பண்ணசாமியை நினைத்து வைத்த பேர்.

ரித்விக்குக்கு வடமொழியில் வேள்வி நடத்தும் புரோகிதர் என்று பொருள். நல்ல பேர்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சேவல் அறுக்காமல் முனியாண்டிக்குப் பூசை போடாத குடும்பத்தில் அந்தப் பேரைக் கேட்டபோது சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ரோஷினி பாரசீகத்திலிருந்து வந்த சொல், வெளிச்சம் என்று பொருள். நிரோஷாவைப் பிரித்துப் பார்த்தால் கோபம் இல்லாதவள் என்று வரும். நம் பக்கத்தில் 'ரோசம் இல்லாதவ' என்றால் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

முதலெழுத்துத் தொல்லையையும் சொல்ல வேண்டும். ஆயிலியத்தில் பிறந்தால் டி, டு, டே, டோ என்கிறது பஞ்சாங்கம். தமிழில் 'ட'வில் சொல் தொடங்குவதே இல்லை. பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? எந்த மொழியிலும் இல்லாத ஒன்றைச் செய்து 'டி'யில் தொடங்கி 'ஷிகா'வில் முடித்துவிடுகிறார்கள். அந்த எழுத்துகள் நம் மொழிக்காக வகுத்தவை அல்ல என்று எந்தச் சாத்திரியாரும் சொல்லி அனுப்புவதில்லை.

இப்போது அப்பாயிகளின் பேர்களுக்கு வருகிறேன். மூக்கன், மூக்காயி, குப்பன், குப்பாயி, பிச்சை, பிச்சாயி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பு. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போன வீட்டில் வைத்த பேர்கள் இவை. புதிதாகப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி, வேறு யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை மாதிரி எடுத்து வந்து குப்பன் என்று கூப்பிடுவார்கள். மூக்கைக் குத்திவிட்டால் பின்னமான, குறையுள்ள பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம், அது மூக்கன். சாமியிடம் மடியேந்திக் கேட்டது பிச்சை. தவிட்டைக் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்காரியிடம் பிள்ளையை 'வாங்கும்' சடங்கும் உண்டு. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று நாம் பிள்ளைகளைச் சீண்டுகிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

தோட்டங்களில் சிசு மரணம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட நெடுங்காலம் அதிகமாக இருந்தது. மலை ஏறிக் கொழுந்தெடுத்துக்கொண்டே வயிற்றைச் சுமந்த பெண்கள், ஈரம் காயாத லயத்து அறை, எட்டாத தூரத்தில் ஆஸ்பத்திரி. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் வேலை நாளுக்குக் கணக்கு இருந்தது. மண்ணுக்குள் போன பிள்ளைகளின் கணக்கு பல வீடுகளில் இந்தப் பேர்களில்தான் இருக்கிறது. எல்லாக் குப்பாயிக்கும் இது பொருந்தாது. பாட்டி பேரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கத்தால், காரணம் போன பிறகும் பேர் தொடர்ந்திருக்கிறது. ஆனாலும் வீட்டில் ஒரு மூக்காயி இருந்தால், அவருக்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டாமா?

போதும்பொண்ணு வேறு ரகம். பெண்ணாகப் பிறந்துகொண்டே இருந்த கோபத்தில் வைத்தது. அந்தப் பேருக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

கத்தோலிக்கப் பேர்களில் ஒளிந்திருப்பதும் சுவையானது. சின்னப்பன் என்றால் பவுல். லத்தீனில் அந்தப் பேருக்குச் சிறியவன் என்று பொருள், அதை அப்படியே தமிழாக்கிவிட்டார்கள். பேதுருவுக்குக் கல், பாறை என்று பொருள். தெலுங்கில் 'ராய்' என்றால் கல், அதனால் அவர் ராயப்பன். யோவான் அருளப்பன். சவேரியார் சவரிமுத்துவாகவும் யோசேப்பு சூசையாகவும் மாறியது வெறும் ஒலி மாற்றம். நம் லயங்களில் ரோமாபுரிப் பேர்கள் இப்படித் தமிழ்ச் சட்டை போட்டு நடமாடியிருக்கின்றன. ஆனால் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரைக் காக்கும் ரோதமுனியின் பேரை எந்தப் பிள்ளைக்கும் வைத்து நான் பார்த்ததில்லை. மெஷின் சாமி பேரை யார் வைப்பார்கள்!

சரி, "உன் பேத்திக்குக் குப்பாயி என்று வைப்பாயா?" என்று கேட்பீர்கள். வைக்க மாட்டேன். சாதியைக் காட்டி மதிப்பான பேர் வைத்துக்கொள்ளவே விடாத ஊர்களிலிருந்து வந்தவர்களும் நம்மில் உண்டு. காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் பாதிப் பேரும் 'டேய்'யுமாகக் கூப்பிடப்பட்டவரின் பேரன், தன் மகனுக்கு யாரும் சுருக்கிக் கூப்பிட முடியாத ஒரு நீளப் பேரைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. அதைக் கிண்டல் செய்யும் கொழும்புத் தமிழ் அறிஞர்களோடு எனக்கு ஒத்துவராது.

தனித்தமிழ்ப் பேர் வைக்கிறவர்களுக்கு வேறொரு தலைவலி. சிங்களத்தில் ழகரம் இல்லை. யாழினி யாலினியாகித் திரும்பி வருவாள். எனக்குத் தெரிந்த ஓர் எழிலரசி, சான்றிதழில் எலியின் அரசியாகி, திருத்துவதற்குச் சத்தியக்கடதாசி முடித்து, பிரதேச செயலகத்துக்கு நடந்து செருப்புத் தேய்ந்தவள். இது சின்ன விஷயம் அல்ல. 1948 இல் பிரஜாவுரிமையை இழந்த சனம் நாம். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் திரும்பக் கேட்டவர்களில் பெரும்பாலோரைத் தள்ளினார்கள். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப எழுதிக்கொடுத்தார்கள். கடதாசியைக் காட்டித்தான் நாம் யாரென்று நிரூபிக்க வேண்டியிருந்தது. கண்டிக்காரர், கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனுக்கே ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதிவந்த எழுத்து வேறு, 2007 இல் வோர்ன்-முரளிதரன் கிண்ணத்தில் ஏறிய எழுத்து வேறு. அவருக்குப் பரவாயில்லை. சாதாரணதரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்கப் போகும் பிள்ளைக்கு அப்படி இல்லை.

ஆகவே பிள்ளை பிறந்து 42 நாளுக்குள் பதியப் போகும்போது, பேரை மூன்று மொழியிலும் துண்டில் எழுதி எடுத்துப் போங்கள். எழுதி முடித்ததைக் கையெழுத்துக்கு முன்னால் வாசியுங்கள். சிங்களம் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

அண்மையில் ஒரு வீட்டில் கேட்டபோது, கொள்ளுப்பாட்டி பேர் பிச்சாயி என்றார்கள். பேத்திக்கு ஆதிரை என்று வைக்கச் சொன்னேன். மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சையிட்டவள் அவள். திருவாதிரை நட்சத்திரமும் அதுதான். ழகரமும் இல்லை. அந்தத் தாய்க்குப் பிடித்திருந்தது. தகப்பன் இன்னும் 'ஷ்' வேண்டும் என்கிறார், பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

உங்கள் தோட்டத்தில் வழங்கிய பழைய பேர்களையும் எழுதி அனுப்புங்கள், காரணம் தெரிந்தால் அதையும் சேர்த்து. முக்கியமாகத் தவிட்டுக்கு வாங்கின பிள்ளைகளுக்கு உங்கள் பக்கத்தில் என்ன பேர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.