என் ரத்தத்தைப் பரிசோதிக்க யாருடைய சீட்டு வேண்டும்?

ஆய்வகத்தில் நடந்ததை நேற்றே எழுதிவிட்டேன். மறுபடி விவரிக்கத் தெம்பில்லை. வெறும் வயிற்றோடு காத்திருந்தவளை "டாக்டர் சீட்டு எங்கே?" என்ற ஒரே கேள்வியில் திருப்பி அனுப்பினார்கள். அந்த மேசையில் இருந்த பெண்மீது எனக்கு வருத்தமில்லை. சொல்லிக்கொடுத்ததை அவர் சொன்னார். என்னை நோகடித்தது, அதைப் படித்துவிட்டு உங்களில் சிலர் கேட்டதுதான். "நன்றாகத்தானே இருக்கிறீர்கள், சும்மா எதற்கு டெஸ்ட்?"

நான் கேட்டது சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின், கிரியேட்டினின், தைராய்டு. ஐந்தே ஐந்து. மாத்திரை கேட்கவில்லை, ஸ்கேன் கேட்கவில்லை. என் உடம்பில் ஓடும் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன், அதற்கான பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு. என்னைப் பற்றி நான் தெரிந்துகொள்ள இன்னொருவர் கையெழுத்து எதற்கு?

கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையில் அளவு 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்கிறார்கள், 6.5 ஆனால் நோயே வந்துவிட்டது. அந்த முந்தைய நிலையில் பெரும்பாலும் தலைவலிகூட இருக்காது. ஒரு தொந்தரவும் இல்லாதவள் மருத்துவரிடம் எதைச் சொல்லிச் சீட்டு கேட்பாள்? சீட்டு இல்லாமல் அந்த எண் அவளுக்கு எப்படித் தெரியவரும்?

அப்பாவின் கதை பழைய நண்பர்களுக்குத் தெரியும். ரத்தக் கொதிப்புக்காக மாதம் தவறாமல் மருத்துவரிடம் போவார். கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்ப்பார்கள், அதே மாத்திரையை எழுதுவார்கள். நான்கு வருடத்தில் ஒரு முறைகூடச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. இத்தனைக்கும் ரத்தக் கொதிப்பு முதலில் கைவைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. "ஒரு தடவை கிரியேட்டினின் பார்த்துவிடலாம் அப்பா" என்றேன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை அது. "டாக்டரே கேட்கவில்லை. நாமாகப் போய்ப் பார்த்தால் அவர் என்ன நினைப்பார்?" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

செருப்பு வாரை ஒவ்வொரு துளையாகத் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறார். கடைசித் துளையிலும் கால் நுழையாத அன்றுதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மறுநாள் கிரியேட்டினின் 6.8 என்று வந்தது. ஏறத்தாழ 1.2-க்குள் இருக்க வேண்டியது அது. வேலைத்திறன் பாதி போகும்வரைகூடச் சிறுநீரகம் வெளியே காட்டிக்கொள்ளாது என்று அன்று எனக்கு விளக்கினார்கள். பிறகு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

"தேவையில்லாமல் பயந்துபோவீர்கள்" என்கிறீர்கள். இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. சோதனை முடிவுத் தாளில் இயல்பு அளவு என்று அச்சிடுவது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் நடுவில் நிற்கும் 95 சதவீதத்தினரின் அளவுதான். நலமாக இருப்பவர்களிலேயே 20 பேரில் ஒருவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே நாளில் எடுத்தால், ஏதாவது ஒன்று கோடு தாண்ட 64 சதவீதம் வாய்ப்பு. அதனால்தான் அறுபது, எழுபது சோதனைகளை மூட்டைகட்டி விற்பதை நானும் எதிர்க்கிறேன். நலமாக இருப்பவர் தலையில் புற்றுநோய்க் குறியீட்டுச் சோதனைகளைக் கட்டுவது கொடுமை. ஆனால் நான் கேட்டது அதுவல்லவே. பயம் வரும் என்றால் தாளைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். தாளையே தராமல் இருப்பது என்ன வைத்தியம்?

"எண்ணைப் பார்த்துவிட்டு நீங்களே மருந்து போட்டுக்கொள்வீர்கள்" என்கிறார் ஒருவர். மருந்துக் கடையில் போடவேண்டிய பூட்டை ஏன் ஆய்வகத்தில் போடுகிறீர்கள்?

ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளரைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? 12 வயதிலிருந்து சர்க்கரை நோயாளி. 1969-இல் ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி ஒன்று வந்திருப்பதைப் பார்த்தார். அதை மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்றார்கள், நோயாளிக்குக் கிடையாது. அவர் மனைவி மருத்துவர் என்பதால் மனைவியின் பெயரில் வாங்கினார். நாளுக்குப் பலமுறை தானே விரலைக் குத்திப் பார்த்துத் தன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். எழுதி அனுப்பிய கட்டுரைகளை மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவராகவே ஆனார், அப்போதாவது காது கொடுப்பார்களா என்று. இன்று அதே வகைக் கருவி எத்தனையோ வீடுகளில் அலமாரியில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மக்கள் பயந்து செத்துவிடவில்லை.

எனக்கு மருத்துவர்கள்மீது வெறுப்பு என்று எழுதியவருக்கு: அப்பாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசிய மருத்துவரை நான் இன்றும் நினைக்கிறேன். அவரிடம் நாங்கள் நான்கு வருடம் தாமதமாகப் போனோம். அவ்வளவு நாளும் இன்னொரு மருத்துவரின் அறையில், கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று ஒரு மனிதர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்கக்கூடக் கூச்சப்படும்படி அவரைப் பழக்கியது யார்? சீட்டு இருந்தால்தான் உள்ளே வரலாம் என்று என்னிடம் சொல்லும்போது எனக்கு அந்தக் கைகட்டுதான் நினைவுக்கு வருகிறது.

நாளை காலை மறுபடி வெறும் வயிற்றோடு போகிறேன், வேறோர் ஆய்வகத்துக்கு. தொலைபேசியில் கேட்டுவிட்டேன், சீட்டு வேண்டாமாம். முடிவு வந்ததும் மருத்துவரிடம்தான் எடுத்துப் போவேன். ஆனால் "சும்மா எதற்கு" என்று மட்டும் இனி என்னிடம் யாரும் கேட்காதீர்கள். அப்பா "டாக்டர் என்ன நினைப்பார்" என்று சொன்ன அன்று, நினைத்தால் நினைக்கட்டும் என்று கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை.