நிர்க்கதிக்குப் போட்ட பிழை

மூன்று நாளாக அந்த விடைத்தாள் படம் எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது. பார்த்திருப்பீர்கள். 'வெள்ளத்தில் வீடிழந்த மக்கள் நிர்க்கதியாயினர்' என்ற வசனத்தில் கோடிட்ட சொல்லுக்கு ஒத்தகருத்து கேட்டிருக்கிறார்கள். பிள்ளை 'கதியற்றவராயினர்' என்று எழுதியிருக்கிறது. புள்ளித்திட்டத்தில் இருப்பதோ 'அநாதரவாயினர்'. சிவப்புப் பேனையால் பெரிய பிழை போட்டு, பக்கத்தில் 'சொல்லைப் பிரிக்கச் சொல்லிக் கேட்கவில்லை' என்று ஒரு குறிப்பு.

பிழையைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் குறிப்பைப் பொறுக்க முடியவில்லை. சொல்லைப் பிரித்துப் பார்த்ததுதான் அந்தப் பிள்ளை செய்த ஆகச் சரியான வேலை.

என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். நிர் + கதி. நடுவில் நிற்கும் 'க்' புணர்ச்சியில் வந்தது, அதைக் கழற்றி வைத்திருக்கிறது. 'நிர்' என்றால் இல்லாத. 'கதி' என்றால் போக்கு, வழி, புகல். வற்றாப்பளை அம்மன் வாசலில் 'நீயே கதி' என்று விழுகிறார்களே, அதே கதிதான். இரண்டையும் சேர்த்தால் கதி இல்லாத நிலை. அதோடு நிற்கவில்லை. கேட்ட சொல் 'ஆயினர்' என்று முடிகிற வினைமுற்று என்பதைக் கண்டு, தன் விடையையும் 'ஆயினர்' என்றே முடித்திருக்கிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் புள்ளியை விடுகிற இடமே இதுதான்: 'நிர்க்கதியாயினர்' என்று கேட்டால் 'ஆதரவின்மை' என்று எழுதிவிட்டு வருவார்கள். கருத்துச் சரி, உருவம் பிழை. வசனத்துக்குள் வைத்து வாசித்தால் உடனே இடறும். இந்தப் பிள்ளையின் விடை இடறவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். புள்ளித்திட்டத்தில் இருக்கிற 'அநாதரவு' மட்டும் எப்படி வந்தது? அதுவும் பிரித்துச் சேர்த்த சொல்தான். ஆதரவுக்கு முன்னால் இன்மையைக் காட்டும் 'அ' வந்திருக்கிறது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் அது 'அந்' ஆகும். ஆதரவு, அநாதரவு. மெய்யோடு தொடங்கினால் வெறும் 'அ' போதும். நீதி, அநீதி. சுத்தம், அசுத்தம். கதி, அகதி.

ஆம், அகதி. எங்கள் வன்னி ஊர்களில் இந்தச் சொல்லைக் கேட்காத வீடு உண்டா? இத்தனை வருசம் எங்கள்மேல் ஒட்டியிருந்த சொல். அதுவும் நிர்க்கதியும் ஒரே 'கதி'யில் பிறந்தவை என்பதை, பாடமாக்கக் கொடுக்கிற ஒத்தகருத்துச் சொற் பட்டியல் ஒருநாளும் சொல்லித்தராது. பட்டியலில் நிர்க்கதி ஒரு பக்கத்தில் இருக்கும், அகதி இன்னொரு பக்கத்தில் இருக்கும், அதோகதி இருக்கவே இருக்காது. கதி என்ற ஒரு துண்டைப் பிடித்த பிள்ளைக்கு நற்கதி, துர்க்கதி, அதோகதி எல்லாம் தாமாக விளங்கும்.

'அது ஒத்தகருத்துச் சொல் இல்லை, விளக்கம். அதே கதியைத் திரும்ப எழுதினால் எப்படி?' என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். அரைப் புள்ளி குறைத்திருந்தால் இந்தப் பதிவே வந்திராது. ஆனால் அந்த இடத்தில் ஆசிரியர் செய்திருக்க வேண்டியது, பிள்ளையை இன்னும் ஒரு படி ஏற்றிவிடுவது. பிரித்த பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் வேறு சொல் தேடு என்று சொல்லியிருக்கலாம். கதிக்குப் புகல், திக்கு, ஆதரவு. 'நிர்' வரும் இடத்தில் அற்ற, இல்லாத. இப்போது கூட்டிப் பார்: புகலற்றவராயினர், திக்கற்றவராயினர், ஆதரவற்றவராயினர். ஒரு தரம் வெட்டினதில் மூன்று விடை. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

'பிரிக்கப் போனால் பிழையாகத்தான் பிரிப்பார்கள்' என்பது அடுத்தது. உண்மை, பிரிக்கிறபோது பிழை வரும். வீதியோரப் பலகைகளில் இருக்கிற 'நிர்மாணம்' என்ற சொல்லிலும் 'நிர்' இருக்கிறது, ஆனால் அங்கே இல்லாத என்ற கருத்து இல்லை. நிர்வாகத்திலும் இல்லை. நிர்மூலத்தில் உண்டு, மூலம், அதாவது வேரே இல்லாமற் போவது. அநாதரவைப் பிரித்த கையோடு அநாதையையும் 'அந் + ஆதை' என்று பிரிக்கிற பிள்ளை இருக்கும். ஆதை என்று ஒரு சொல் உண்டா? இல்லை. அப்படியானால் வெட்டின இடம் பிழை. அ + நாதன், காப்பவன் இல்லாதவர்; 'ந்' நாதனுக்குச் சொந்தம். முன்பகுதியை வெட்டினால் மிச்சம் நிற்பது தனியே ஒரு சொல்லாக நிற்க வேண்டும். வந்த கருத்தை வசனத்துக்குள் திரும்ப வைத்தால் வசனம் ஓட வேண்டும். இந்த இரண்டு சோதனையும் பழகினால் பிழைகளில் முக்கால்வாசி அங்கேயே பிடிபட்டுவிடும்.

'அப்படிப் பிரித்துக் கருத்தெடுத்தால் முல்லைத்தீவு தீவா?' என்று கேட்டு ஒருவர் சிரிப்புப் படம் போட்டிருந்தார். தீவு இல்லைத்தான். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் நந்திக்கடல், மற்றப்படி தரையோடு ஒட்டிய ஊர். ஊர்ப் பெயர் எப்போதும் பொருளைச் சொல்லிக்கொண்டு நிற்காது. அதற்காக இரணைதீவை விட்டுவிடுவதா? அங்கே உண்மையாகவே பெரியதீவு, சின்னத்தீவு என்று இரண்டு தீவு இருக்கிறது. இரணைதீவு, இரணைமடு, இரணைப்பாலை மூன்றையும் கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, மூன்றிலும் இருக்கிற துண்டு என்ன என்று கேளுங்கள். இரட்டை, சோடி என்று வகுப்பே சொல்லும். தெரியாத துண்டை, அது வருகிற தெரிந்த சொற்கள் மூன்றோடு வைத்துப் பார்ப்பதுதான் முறை. ஒரு சொல்லை மட்டும் வைத்து ஊகித்தால் முல்லைத்தீவில் போய் விழ வேண்டியதுதான்.

எங்கள் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. 'குளம் வான் பாயுது' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை 'வான்கதவு' என்ற சொல்லைக் கண்டு ஆகாயத்தைப் பார்க்காது; நிரம்பிய குளத்து நீர் வழிந்தோடும் வழிதான் அதற்கு வான். காலபோகம், சிறுபோகம் என்று வீட்டில் பேசுகிற பிள்ளைக்குப் போகம் என்றால் விளைச்சற் பருவம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. குளம் வற்றி, மண் வறண்டு, வறட்சி என்று காட்டிவிட்டு 'வறுமை'க்கு வாருங்கள். நான்கிலும் ஒரே வேர். சிறுபோகம் செய்யத் தண்ணீர் இல்லாத வருசம் வீட்டில் என்ன நடக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

'பகுபதமெல்லாம் பெரிய வகுப்பில் வரும்' என்கிறார்கள். பிரிக்கக்கூடிய சொல்லின் உறுப்புகளைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறையும் பெயர் சொல்லக் கேட்கவில்லை. வெட்டிப் பார்க்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பாடமாக்கவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாற்காலியைப் பிரிக்கலாம்: நான்கு, கால். கதிரையைப் பிரிக்க முடியாது. அது போர்த்துக்கேயரோடு வந்த சொல், அலுமாரியும் அப்படித்தான். நாற்காலியும் கதிரையும் ஒரே பொருள் என்று பாடமாக்கத்தான் வேண்டும். மண், மரம் போன்றவற்றையும் வெட்ட முடியாது. பட்டியல் அவற்றுக்கு இருக்கட்டும். வெட்டக்கூடிய சொல்லையும் பட்டியலில் போட்டுப் பிள்ளையின் வாயை அடைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

'உங்களுக்கென்ன, எழுதிப்போட்டுப் போயிடுவியள், வகுப்பில நாங்கள்தான் நிக்கிறம்' என்று ஒரு ஆசிரியர் எழுதியிருந்தார். உங்கள் களைப்புத் தெரியாமல் இல்லை. ஒரு கட்டுத் தாளைத் திருத்துகிறபோது பட்டியலோடு ஒத்துப்பார்த்தால்தான் கெதியாக முடியும். ஆனால் அதே இடத்தில் கீழே இன்னொருவர் எழுதின வரியையும் வாசித்தேன்: 'வன்னிப் பிள்ளையளுக்குப் பட்டியல்தான் சரி, யோசிக்க விட்டால் உள்ள புள்ளியும் போகும்.' அதற்கு எத்தனை பேர் விருப்பம் போட்டிருக்கிறீர்கள் என்றும் பார்த்தேன். எங்கள் ஆட்களே.

2009இல் போரால் இடம்பெயர்ந்து முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்து படித்த பிள்ளைகள் இன்று தாய் தகப்பன். அவர்கள் கையில் அன்று கொப்பியும் இல்லை, பட்டியலும் இல்லை. இடம்பெயர்வு, மீள்குடியேற்றம் என்ற சொற்களின் கருத்தை அவர்கள் எந்தப் பட்டியலில் பார்த்தார்கள்? 'இடப்பெயர்' என்றால் ஊரின் பெயர், 'இடப்பெயர்வு' என்றால் ஊரை விட்டுப் போவது. கடைசியில் ஒரு 'வு' மட்டும்தான் வித்தியாசம். அது தெரிந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளையிடம் யோசிக்காதே என்று சொல்கிறோம்.

அடுத்த மாதிரி வினாத்தாளின் புள்ளித்திட்டத்தில் 'வசனத்துக்குப் பொருந்தும் பிற விடைகளும் ஏற்கப்படும்' என்று ஒரு வரி சேருங்கள். அந்தப் பிள்ளையின் தாளைத் திரும்ப வாங்கி, புள்ளி போடாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் குறிப்பை வெட்டிவிட்டுக் கொடுங்கள்.