மைதானத்தை விட்டுவிடுங்கள்

முன்னாள் மாணவர் வாட்ஸப் குழுவில் இரண்டு நாளாக நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். அங்கே எழுதினால் "நல்லது நடக்கும்போது குறுக்கே நிற்காதே" என்கிறார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். முன்னாள் மாணவர்கள் நன்கொடையில் நம் அரசு மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் கலையரங்கம் கட்டலாம் என்கிறார்கள். கட்டக் கூடாது என்கிறேன் நான்.

நன்கொடை தருபவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2022இல் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வந்த பிறகு, வெளியூரில் இருப்பவர்களும் பணம் தருவது சுலபமாகியிருக்கிறது. சந்தோஷம். ஆனால் பள்ளியில் கேட்டது பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீரும் வேதியியல் ஆய்வகத்துக்குப் பொருட்களும்தான். கலையரங்கம் எங்கிருந்து வந்தது? கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

"மைதானம் சும்மாதானே கிடக்கிறது" என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். சும்மா கிடக்க வைத்தது யார்? பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, இப்போது பிள்ளைகள் விளையாடுவதில்லை என்றால் என்ன நியாயம்?

எங்கள் பேட்சில் ஒருவன் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டுச் செங்கல் சூளைக்குப் போய்விட்டான். பி.டி. சார் அவன் வீட்டுக்கே போனார். பக்கத்துப் பள்ளிகளோடு ஆடும் குறுவட்டப் போட்டி வருகிறது, கபடிக்கு நீ வேண்டும் என்று கூட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் வருவாய் மாவட்ட அளவில் தோற்றோம். ஆனால் கபடிக்காக வந்தவன் பத்தாவது எழுதினான், பிறகு ஐ.டி.ஐ. சேர்ந்தான். இது எந்தத் தேர்ச்சி விகிதத்தில் வரும்?

ரிசல்ட் குறைந்தால் பெற்றோர் டி.சி. வாங்கிக்கொண்டு தனியார் பள்ளிக்குப் போய்விடுவார்கள் என்கிறீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவம் படிப்பதைப் பார்த்து நானும் பூரித்தவன். செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராயும் இஸ்ரோவின் ஆதித்யா எல்1 திட்ட இயக்குநரானதைப் பெருமையாகப் பகிர்ந்தவன். ஆனால் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் மாரியப்பன் தங்கவேலுவின் திறமையை முதலில் கண்டுகொண்டது பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தானே? 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினாரே, அதற்கும் நாம்தானே ஸ்டேட்டஸ் வைத்தோம்?

கலைத் திருவிழாவுக்கு மேடை வேண்டுமாம். பழைய மேடை இருக்கிறது. கூரையை மாற்றுங்கள், போதும். சாயங்காலம் மைதானத்தில் குடிக்கிறார்கள் என்றால் சுற்றுச்சுவரை உயர்த்திக் கட்டுங்கள்.

குழுவில் யாருமே பேசாத ஒன்று இருக்கிறது. மைதானம் போனால் பையன்கள் ஏரிக்கரைக்கோ அறுவடை முடிந்த வயலுக்கோ போய் விளையாடிக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள் எங்கே போவார்கள்? நம் ஊரில் ஒரு பெண் பிள்ளை யார் பேச்சுக்கும் பயப்படாமல் ஓடக்கூடிய ஒரே இடம் அந்தச் சுவருக்குள் இருக்கும் மண்தான். என் அக்கா அங்கேதான் கோகோ ஆடினாள். வயதுக்கு வந்த பிறகும் ஆடினாள், பள்ளிக்குள் என்பதால்தான் அப்பா விட்டார். இரவு பகலாக மெசேஜ் போடும் அண்ணன்களே, உங்கள் கூடப் படித்த பெண்கள் எத்தனை பேர் இந்தக் குழுவில் இருக்கிறார்கள்? அவர்களிடம் யாராவது கேட்டீர்களா?

"நீ எவ்வளவு கொடுத்தாய்?" என்றும் ஒருவர் கேட்டுவிட்டார். அதுதான் ரொம்ப வலித்தது. என்னால் முடிந்ததைக் கொடுத்தேன், தொகையைச் சொல்ல மாட்டேன். அதிகம் கொடுத்தவர்தான் பேசலாம் என்றால், அதே ஊரில் கூலி வேலை செய்துகொண்டு தன் பிள்ளையையும் அதே பள்ளியில் சேர்த்திருக்கும் நம் வகுப்புத் தோழன் வாயே திறக்க முடியாதா? அவன் பிள்ளைக்குத்தானே அந்த மைதானம்?

வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். நான் ஊருக்குப் போகிறேன். மனு எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள், குறிப்பாக அக்காக்களும் தங்கைகளும், எந்த வருட பேட்ச் என்று கீழே எழுதுங்கள்.