பழந்துப்பாக்கியின் குழலில் வெல்டிங் வைக்காதீர்கள்

லண்டன் ஏலத்தில் மார்ட்டினி-ஹென்றி என்னும் பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியை எடுத்துவிட்டு, அதைத் தென்னாப்பிரிக்காவில் உள்ள நம் டர்பன் நகருக்குக் கொண்டுவர வழி தெரியாமல் தவிப்பவர்களுக்கு எல்லாப் பக்கமிருந்தும் ஒரே யோசனைதான் வருகிறது: "அங்கேயே குழலை அடைத்து, உள்ளே வெல்டிங் வைத்து, செயலிழக்கச் செய்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் அது வெறும் இரும்பு. உங்களுக்குத் தொல்லை இல்லை." இந்த யோசனையை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். சட்டம் அப்படிச் செய்ய இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்த ஒரு பொருளை ஒரு மணி நேரத்தில் பாழாக்குவதை நல்ல வழி என்று என்னால் சொல்ல முடியாது.

இந்த நிலை ஏன் வருகிறது என்றால், ஏலக்காரர் சொல்லும் 'பழமை'யும் நம் நாட்டுச் சட்டம் சொல்லும் 'பழமை'யும் வேறு வேறு. பிரிட்டனில், தோட்டா வழக்கொழிந்த பழைய துப்பாக்கியை அரும்பொருளாக வீட்டில் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. எந்தத் தோட்டாக்கள் வழக்கொழிந்தவை என்பதற்கு அரசே பட்டியல் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்டிருந்தால் பழம்பொருள். தென்னாப்பிரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வயதோடு நிற்பதில்லை. 1900-க்கு முன் செய்யப்பட்டு, குழலின் வாய் வழியாகக் கரிமருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் வகையாக இருந்தால்தான் பழந்துப்பாக்கி. திப்பு காலத்துத் தீக்கல் துப்பாக்கி அந்த வரையறைக்குள் வந்துவிடும். மார்ட்டினி-ஹென்றி வராது, ஏனென்றால் அதில் பின்பக்கம் திறந்து தோட்டா போட வேண்டும். ஆகவே லண்டனில் அலங்காரப் பொருளாக விற்கப்பட்டது, நம் துறைமுகத்தில் இறங்கும்போது முழுத் துப்பாக்கி ஆகிவிடுகிறது. கப்பல் ஏறும் முன்பே இறக்குமதி அனுமதி, தகுதிச் சான்றிதழ், உரிமம் எல்லாம் கேட்கப்படும்.

இந்தத் துப்பாக்கி நமக்கு ஏன் வேண்டும் என்று கேட்பவர்கள் டர்பனுக்கு வடக்கே, பழைய போர்க்களங்கள் இருக்கும் டண்டீ ஊர்ப் பக்கம் ஒருமுறை போய்வர வேண்டும். 1879 ஜனவரி 22-ஆம் தேதி அந்தப் பக்கத்து இசாண்டுல்வானாவில், இந்த மண்ணின் மக்களான சூலு வீரர்கள் பிரிட்டிஷ் முகாமை அழித்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தச் சிப்பாய்கள் ஏந்தியதும், போர் முடிந்ததும் சூலுக்கள் அள்ளிச் சென்றதும் மார்ட்டினி-ஹென்றிதான். அப்போது 'ட்ரூரோ' கப்பலில் சென்னையிலிருந்து நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கி 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் கரும்பு வெட்டிய, டர்பன் இருக்கும் நேட்டாலின் எல்லையில் நடந்த போர் அது. இருபது ஆண்டுகள் கழித்து, பிரிட்டிஷார் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களோடு நடத்திய போயர் போரில் கொலென்சோவிலும் ஸ்பியன் கோப்பிலும் காந்தி திரட்டிய படையில் சுமார் 1,100 இந்தியர்கள் காயம்பட்டோரைச் சுமந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை, தூக்குக் கட்டில்தான் இருந்தது. இந்த வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு என்று நினைப்பவன் நான். அதன் சாட்சிப் பொருள் ஒன்று நேட்டாலுக்குத் திரும்பி வரும்போது வாய் அடைக்கப்பட்டு வருவதை ஏற்கமாட்டேன். பூட்டின் அசைவும் உட்குழலின் வரிகளும்தான் அந்தத் துப்பாக்கியின் வரலாறு. வெல்டிங் முதலில் அழிப்பது அவற்றைத்தான்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும், அதை நான் மதிக்கிறேன். இந்த நாட்டில் துப்பாக்கி எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆகவே சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை, நுணுக்கமாக்கச் சொல்கிறேன். பிரிட்டனைப் போல இங்கும் தோட்டாப் பட்டியல் ஒன்று வேண்டும். போயர்கள் ஏந்திய 1895 மவுசர் துப்பாக்கியும் பழையதுதான், ஆனால் அதன் 7 மி.மீ. தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது. அது கட்டாயம் உரிமத்தின் கீழேயே இருக்கட்டும். பட்டியல் போட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது. பழைய கைத்துப்பாக்கிகள் குற்றவாளிகள் கைக்குப் போவதைக் கண்ட பிரிட்டன் 2021-இல் ஏழு வகைத் தோட்டாக்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. விழிப்போடு இருந்தால் பாதுகாப்பையும் பழம்பொருளையும் சேர்த்தே காக்க முடியும்.

சட்டம் மாறும் வரை? சேகரிப்பாளர் வழி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் சங்கத்தில் சேர்ந்து, ஒரு காலத்தையோ ஒரு வகையையோ எடுத்துப் படித்து, தனியார் சேகரிப்புக்கான உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். மெதுவான வழிதான், விண்ணப்பங்கள் தலைநகர் பிரிட்டோரியாவில் தேங்கிக் கிடப்பது எல்லோரும் அறிந்ததே. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இந்த வழியைத்தான் பிடித்திருக்கிறார். அவர் எடுத்த துப்பாக்கி இன்னும் லண்டன் கிடங்கில் இருக்கிறது, மாதந்தோறும் வாடகை கட்டுகிறார். அனுப்பும் முகவர் இரண்டு முறை வெல்டிங் யோசனையைச் சொன்னார், இரண்டு முறையும் அண்ணன் மறுத்துவிட்டார். அவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது: 'சுவர் அலங்காரம்' என்று காகிதத்தில் எழுதிப் பெட்டியை அனுப்பச் சொல்பவர்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அனுமதியில்லாமல் துப்பாக்கி இறக்குமதி செய்வது குற்றம். பெட்டி பிடிபட்டால் துப்பாக்கியும் போகும், உங்கள் பெயரும் போகும்.

பணக் கணக்கையும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஏலத்தில் விழுந்த விலையோடு ஏல நிறுவனத்தின் தரகு, கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேரும். நூறு ஆண்டு கடந்த பொருள் என்று சுங்கவரி இல்லாமல் விட்டாலும் வாட் வரி உண்டு. மதிப்பில் பத்து விழுக்காட்டைக் கூட்டி, அதன்மேல் 15 விழுக்காடு போடுவார்கள். 20,000 ராண்ட் மதிப்புள்ள பொருளுக்கு 3,300 ராண்ட் வரி.

கேட்டலாகைப் பார்த்து ஆசை வந்தால், முதலில் ஏலத்துக்கு எழுதாதீர்கள், சங்கத்துக்கு எழுதுங்கள். அனுமதி கிடைக்கும் என்று தெரிந்த பிறகு விலை கேளுங்கள். சட்டத் திருத்தம் எப்போது பொதுக் கருத்துக்கு வந்தாலும், தோட்டாப் பட்டியல் வேண்டும் என்று உங்கள் பெயர் போட்டு எழுதி அனுப்புங்கள். நான் என் கடிதத்தைத் தயாராக வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் கேட்டால் தருகிறேன்.