கார்புரேட்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி அந்தக் கவர்னர் கம்பியைப் பாருங்கய்யா!

ரைடிங் மோவரை, அதான் உட்கார்ந்து ஓட்டுற புல்வெட்டும் வண்டியை, நிறுத்தி வச்சு ஓட்டினா இன்ஜின்ல ஒரு குறையும் தெரியாது. பிளேடைப் போட்டு அடர்ந்த புல்லுக்குள்ள விட்டதும் சத்தம் இறங்கும், திணறும், மேடு வந்தா அணைஞ்சே போகும். ரைடிங் மோவர்ல இந்தக் கோளாறை யார்கிட்ட சொன்னாலும் ஒரே பதில்தான்: "கார்புரேட்டரை மாத்து." மாத்துவாங்க, சரியாகாது. "அப்ப காயிலை மாத்து." பிளக்குக்குப் பொறி குடுக்கிற அந்தக் காயிலையும் மாத்துவாங்க. காசெல்லாம் கரைஞ்ச பிறகு பார்த்தா, பெட்ரோல் டேங்க் மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருக்கும். வயிறு எரியுமா எரியாதா?

பார்க்காம மாத்தச் சொல்றவங்க முதல்ல ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். இந்த இன்ஜின்கள்ல நாம தள்ளுற வேக லீவர் த்ராட்டிலை நேரா திறக்கிறதில்ல. அது ஒரு ஸ்பிரிங்கை இழுக்குது, அவ்வளவுதான். த்ராட்டில்ங்கிறது கார்புரேட்டர்ல காத்து வழியை மூடித் திறக்கிற தகடு. அது எவ்வளவு திறக்கணும்னு முடிவு பண்றது கவர்னர், அதாவது இன்ஜின் வேகம் மாறாம பார்த்துக்கிற அமைப்பு. ஒரு கம்பி வழியாத்தான் அது தகட்டை அசைக்குது. லோடு, அதாவது பிளேடு இழுக்கிற சுமை, இல்லாம 3,300லேர்ந்து 3,600 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு அத்தனை சுத்து) ஓடும்போது கவர்னர் தகட்டைக் கிட்டத்தட்ட மூடித்தான் வச்சிருக்கும், ஏன்னா அந்த வேகத்துக்குக் கொஞ்சம் பெட்ரோலே போதும். பிளேடு இழுக்க ஆரம்பிச்சதும் வேகம் சரியும், கவர்னர் தகட்டைத் திறக்கும், பெட்ரோலும் காத்தும் நிறைய வேணும். வழியில பாதி அடைப்பு இருந்தா அப்பதான் வெளிய தெரியும். "ஐடில்ல நல்லாத்தானே ஓடுது"ன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல.

அதனால முதல் சோதனை, ஒரு பைசா செலவில்லாதது. இன்ஜினை அணைச்சுட்டு லீவரை முழு வேகத்துல வைங்க. ஸ்பிரிங் இழுத்துத் தகடு முழுசா திறந்து நிக்கணும். கம்பி வந்து நிக்கிற அந்த இடத்துல மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. இப்ப ஸ்டார்ட் பண்ணி, ஒருத்தர் சீட்ல உட்கார்ந்து பிளேடைப் போடட்டும். இன்னொருத்தர் புல் வெளியேறுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளி நின்னு கம்பியைப் பார்க்கட்டும். இன்ஜின் திணறும்போது கம்பி கோடு வரைக்கும் வருதா இல்லையா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாம ஸ்பானரை எடுக்கவே கூடாது.

வரலைன்னா கோளாறு கவர்னர் பக்கம். ஸ்பிரிங் நீண்டிருக்கும், தப்பான ஓட்டையில மாட்டியிருக்கும், இல்ல இன்ஜின்லேர்ந்து வெளிய வர்ற கவர்னர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிற கிளாம்ப் நட் தளர்ந்து கவர்னரோட லீவர் வழுக்கியிருக்கும். நட்டைத் தளர்த்தி, தகட்டை முழுசா திறந்து பிடிச்சுக்கிட்டு, ஷாஃப்ட்டை மேனுவல் சொல்ற திசையில கடைசி வரை திருப்பி நட்டை இறுக்கினா முடிஞ்சது. இதை விட்டுட்டு ஸ்பிரிங் மாட்டுற தகட்டை வளைச்சு ஆர்பிஎம் ஏத்துறாங்க பாருங்க, அதைப் பார்த்தாலே ரத்தம் கொதிக்குது. வேகம் கூடுமே தவிர இழுவை வராது. 3,600-ஐத் தாண்டி ஓட்டினா பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற கனெக்டிங் ராடு உடையலாம், பிளேடு தெறிக்கலாம். ஆளையே காவு வாங்குற வேலை இது.

கம்பி கோட்டுக்கு வந்தும் சக்தி இல்லையா? லோடுலயே சோக்கை (காத்தைக் குறைக்கிற மூடி) கொஞ்சமா இழுங்க. உடனே தேறினா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். கரும்புகை வந்து இன்னும் மோசமானா காத்து பத்தாம இருக்கலாம்: ஏர் ஃபில்டரைப் பாருங்க. அது ஆயில்ல ஊறியிருந்தா புது ஃபில்டர் மட்டும் போட்டுப் புண்ணியமில்ல. ஆயில் அளவு கூடிப்போச்சா, பிரீதர் (இன்ஜின் உள்காத்தை வெளியேத்துற வால்வு) கெட்டிருக்கா, ஹெட் கேஸ்கெட் போயிருக்கான்னு தேடணும்.

பெட்ரோல் பத்தலைன்னா டேங்க்லேர்ந்து கீழ வாங்க. மூடியைத் தளர்த்தி ஓட்டுங்க, சரியாச்சுன்னா மூடிதான் குற்றவாளி. அடுத்தது ஃபில்டர். அடுத்தது ஹோஸ்: வெளிய புதுசு மாதிரி இருக்கும், உள்ள ரப்பர் தோல் உரிஞ்சு வழியை மூடியிருக்கும். இன்ஜின் ஆறின பிறகு, பிளக் கேப்பைக் கழட்டி தூரமா எர்த் பண்ணிட்டு, கார்புரேட்டர் பக்க ஹோஸை ஒரு டப்பாவுக்குள்ள விட்டு செல்ஃப் அடிங்க. பல்ஸ் பம்ப் (இன்ஜின் உள்ள அழுத்தம் மாறுறதால ஓடுற பெட்ரோல் பம்ப்) இருந்தா பெட்ரோல் விட்டு விட்டு வேகமா பீச்சணும். சொட்டினா பம்ப்பு டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு, இல்ல கிராங்க்கேஸ்லேர்ந்து வர்ற பல்ஸ் ஹோஸ் வெடிச்சிருக்கு. இதெல்லாம் சுத்தம்னா மட்டும் கார்புரேட்டர், அதுலயும் பெட்ரோலை அளந்து விடுற சின்ன ஓட்டையான மெயின் ஜெட். கிளீனர் அடிச்சு காத்து ஊதுங்க. இரும்புக் கம்பியை விட்டுக் குடையாதீங்க, ஓட்டை பெருசாச்சுன்னா அளவு போச்சு.

ரெண்டு சிலிண்டர் இன்ஜின்னா இன்னொரு கொடுமை. ஒரு சிலிண்டர் செத்தாலும் சும்மா நிக்கும்போது ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், பிளேடைப் போட்டதும் படுத்துடும். ரெண்டு பக்கமும் ஸ்பார்க் டெஸ்டர் மாட்டிப் பார்க்க எத்தனை நிமிஷம் ஆகும்? அதைச் செய்யாம கார்புரேட்டரை மூணு தடவை பிரிக்கிறாங்க.

சூடானதுக்கப்புறம் மட்டும் சக்தி குறையுதுன்னா காயில், இல்ல ஃபேன் கவருக்கு அடியில கூலிங் ஃபின்கள்ல புல் அடைஞ்சிருக்கிறது. வால்வு இடைவெளியையும் விடாதீங்க, அளவு மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பார்த்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) போடுங்க. கல்லுலயோ வேர்லயோ பிளேடு மோதினதுக்கு அப்புறம் வந்த கோளாறுன்னா ஃப்ளைவீலை ஷாஃப்ட்டோட பூட்டி வைக்கிற சின்ன உலோகத் துண்டான ஃப்ளைவீல் கீயைப் பாருங்க. அது பாதி வெட்டுப்பட்டாலே பொறி விழுற டைமிங் மாறிடும்.

பிளேடு போட்ட அந்த நொடியே, சுவிட்ச் போட்டு நிறுத்தின மாதிரி அணைஞ்சா அது திணறல் இல்ல. சீட் சுவிட்ச் (சீட்ல ஆள் இல்லன்னா இன்ஜினை நிறுத்துறது), வயரிங் பக்கம் போங்க. திணறித் திணறி அணையுறது வேற.

இன்ஜின் மேல குத்தமே இல்லாம பழி விழுற சந்தர்ப்பமும் உண்டு. சாவியை எடுத்து, பிளக் கேப்பைக் கழட்டி, கெட்டியான கையுறை போட்டு, டெக் (பிளேடுகளை மூடியிருக்கிற அடிப்பெட்டி) பெல்ட்டை விலக்கிட்டு ஒவ்வொரு பிளேடையும் கையால சுத்திப் பாருங்க. கரகரன்னு இறுகினா பிளேடு சுத்துற அச்சோட (ஸ்பிண்டில்) பேரிங் போச்சு. டெக்குக்கு அடியில காஞ்சு கெட்டியான புல் தட்டுப்பட்டா சுரண்டி எடுத்துட்டு, மறுபடியும் அந்த மார்க்கர் கோடு வரைக்கும் கம்பி வருதான்னு பாருங்க.